ஈரக்காற்று ஊரில் வாட்டர்கலர்: முதல் கருவிப்பெட்டியைச் சேர்ப்பது எப்படி?

வாட்டர்கலர் பழகலாம் என்று கடைக்குப் போகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது 24 அல்லது 36 வண்ணங்கள் அடுக்கிய பெட்டியைத்தான். பிறகு பத்துப் பதினைந்து பிரஷ் அடங்கிய ஒரு கட்டு. மிச்சக் காசுக்குக் கல்லா பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஒரு வரைபுத்தகம். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். தாளுக்குத்தான் முதல் செலவு, அடுத்தது பிரஷ், வண்ணம் கடைசி. மட்டமான தாளில் உயர்ந்த வண்ணமும் திட்டுத்திட்டாகப் போகும். நல்ல தாளில் நாலு டியூப்பை வைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்டலாம்.

சிங்கப்பூரில் இதோடு இன்னொரு சங்கதியும் உண்டு: காற்று. இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். தாள், முடி, வண்ணத்தைக் கட்டிப் பிடிக்கும் பிசின் மூன்றுமே ஈரத்தை உறிஞ்சும் பொருள்கள். வறண்ட ஊர்க்காரர்கள் எழுதிய கையேட்டில் "ஐந்து நிமிடம் காயவிடவும்" என்று இருந்தால் நம் வீட்டில் அது பதினைந்து நிமிடமாகும், டிசம்பர் மழையில் அரை மணி நேரமும் ஆகும். கீழே சொல்லப்போகும் பல கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இந்த ஈரம்தான்.

தாள்

அட்டையில் மூன்று விவரம் பாருங்கள்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 100 விழுக்காடு பருத்தி, கோல்ட் பிரஸ். முதலாவது கனம். 200 ஜிஎஸ்எம் தாள் நீர் பட்டதும் அலையலையாக எழும்பும், பள்ளத்தில் வண்ணம் தேங்கிக் காய்ந்து கோடு விழும். இரண்டாவது இழை. மரக்கூழ்த் தாளில் இரண்டாம் முறை பிரஷ் போனால் மேற்பரப்பு சுருண்டு துகள் துகளாக உரியும்; பருத்தி ஐந்தாறு தடவை தாங்கும். மூன்றாவது மேற்பரப்பு. கோல்ட் பிரஸ் என்பது நடுத்தரச் சொரசொரப்பு. ஹாட் பிரஸ் வழவழவென்று இருக்கும். பேனாக்கோட்டுக்கும் பூ, இலை நுணுக்கத்துக்கும் அழகுதான், ஆனால் புதியவர் கையில் நீர் கண்டபடி ஓடும். ரஃப் எனப்படும் மிகச் சொரசொரப்பான தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுத்தாளைவிட முழுத்தாள் மலிவாக அமையும். முழுத்தாளின் அளவு 56 × 76 செ.மீ. அதைப் பாதியாகவும், பாதியைக் காலாகவும், காலை அரைக்காலாகவும் பிரித்தால் 28 × 19 செ.மீ. அளவில் எட்டுத் துண்டு கிடைக்கும். பழகுவதற்கு இந்த அளவே போதும். பிரிக்கக் கத்தி வேண்டாம்: விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, மடிப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். பிறகு அதே மடிப்பை எதிர்ப்பக்கம் திருப்பி மடித்து மறுபடி தேயுங்கள். இப்படி இருபுறமும் இரண்டு மூன்று முறை செய்தால் இழை தளரும். மேசை ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தால் நேராகக் கிழியும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் முழுத்தாளைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். 1980இல் கட்டிய அந்தக் கட்டடத்துக்கு எத்தனையோ பேர் புத்தகக் கடைகளுக்காகப் போவார்கள், தாள் கடையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

நல்ல தாளில் ஜெலட்டின் அல்லது மாவுப்பொருள் கலந்த ஒரு கஞ்சி ஏற்றியிருப்பார்கள். வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் மேலேயே நின்று ஒளிரச் செய்வது இந்தக் கஞ்சிதான். ஜெலட்டின் ஏற்றிய தாள் நனைந்தால் லேசாக விலங்குத்தோல் வாடை வரும், கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

உண்மையாகவே கெட்டுப்போவது வேறு விதம். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த தாளில் கஞ்சி இடத்துக்கிடம் செத்துப்போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வண்ணம் போட்டதும் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளி கிளம்பும், அந்த இடங்களில் தாள் மையொற்றியாக உறிஞ்சும். எந்தக் கைவித்தையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே பழைய தாளை எடுக்கும்போது ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு அரை நிமிடமாவது குமிழாக நின்றால் தாள் பிழைத்திருக்கிறது. வைத்தவுடன் பரவி உள்ளே போய் அந்த இடம் கறுத்தால் அந்தத் தாளைப் பென்சில் வரைவதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கிய அன்றே தாளைக் கிழித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் இரும்புக்கதவு ஸ்டோர்ரூமும் வேண்டாம்; காற்றோட்டம் குறைந்த இடம் அது. வீட்டில் கேமரா வைக்கும் டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இருந்தால் அதைவிடச் சிறந்த இடமில்லை. 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் கேமராவுக்கும் நல்லது, தாளுக்கும் நல்லது.

பிரஷ்

ஒரு பிரஷில் மூன்று பகுதி: முடி, பூண், கைப்பிடி. பிரஷ் பெரும்பாலும் சாவது பூணில்தான். முடிக்கற்றையை உள்ளே பசையால் ஒட்டி, கைப்பிடியைச் செருகி, உலோகப் பூணை வெளியிலிருந்து நெரித்திருப்பார்கள். அந்த இருட்டுக்குள் வண்ணம் ஏறிக் காய்ந்தால் முடி வேரிலிருந்து விரியும், நுனி கூராகச் சேரவே சேராது. பிரஷை எப்போதும் முடியின் முக்கால் உயரத்துக்கு மேல் வண்ணத்தில் முக்காதிருப்பது இதனால்தான்.

முதல் பிரஷ்: உருண்டை வடிவம், எண் 8 அல்லது 10. எண்களுக்குப் பொது அளவு கிடையாது, ஒரு நிறுவனத்தின் 8 இன்னொன்றின் 10ஆக இருக்கலாம். பூண் வாயில் ஏறக்குறைய 5 அல்லது 6 மி.மீ. அகலமா என்று கண்ணால் பாருங்கள். இரண்டாவதாக 25 மி.மீ. தட்டைப் பிரஷ் ஒன்று, வானத்துக்கும் பெரிய வாஷுக்கும் (நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பரப்புவது). இரண்டோடு நிறுத்துங்கள். எண் 0, 00 போன்ற ஊசிமுனைப் பிரஷ்களைப் புதியவர்கள் ஆசையாக வாங்குவார்கள். நல்ல 8ஆம் எண்ணின் நுனியே கண்ணிமை வரையும், ஊசிமுனைப் பிரஷ் இரண்டு அங்குலம் போவதற்குள் வறண்டுவிடும்.

முடி எது? கோலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற விலங்கின் வால்முடி. 1866இல் விக்டோரியா மகாராணிக்காக வின்சர் அண்ட் நியூட்டன் செய்து கொடுத்த வரிசை இன்றும் கடையில் இருக்கிறது, விலை கையைச் சுடும். தொடக்கத்துக்கு நல்ல செயற்கை முடி போதும். செயற்கை முடி நீரைக் குறைவாகப் பிடிக்கும், சட்டென்று மொத்தத்தையும் விடும். அதைப் பழகிக்கொண்டால் பிறகு இயற்கை முடி எளிதாகக் கைவரும். ஒரு மாதத்தில் செயற்கை நுனி கொக்கிபோல வளைந்தால் பிரஷைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் டப்பாவில் நிற்கவைத்து மறந்திருப்பீர்கள்.

கடையில் பார்க்கும்போது முடி விறைப்பாகக் கூராக நிற்கும். அது முடியின் குணமல்ல. ஏற்றுமதிக்காகத் தோய்த்த பிசின். சோதனைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷை நனைத்துப் பிசினைக் கரைத்து, மணிக்கட்டை ஒரு உதறு உதறுங்கள். முடி தானாக ஒரே கூராகக் கூடினால் எடுக்கலாம். இரண்டாகப் பிளந்தால், ஓரத்தில் ஒற்றை முடி துருத்தினால் அடுத்ததைப் பாருங்கள். ஒரே அலமாரியில் ஒரே விலையில் தொங்கும் பத்தில் மூன்று இப்படி இருக்கும், எனவே கூச்சப்பட வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும்: சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பூணின் பசையை இளக்கும். உள்ளங்கையில் சோப்புக்கட்டியைத் தேய்த்து, அதன்மேல் பிரஷை வட்டமாகச் சுழற்றுங்கள், பூண் வாயை விரலால் பிசையுங்கள், நுரை வெள்ளையாகும் வரை. அலசி, விரல்களால் நுனியைக் கூட்டி, படுக்கைவாட்டில் காயவிடுங்கள். முடி மேலே பார்க்க ஜாடியில் நிறுத்தினால் ஈரம் பூணுக்குள் வடிந்து மரம் ஊதும். பூச்சு வெடித்து உரியும், பிறகு பூண் கழன்று ஆடும். புதுப் பிரஷோடு வரும் பிளாஸ்டிக் குழாயை வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போடலாம். ஈர முடியில் அதை மாட்டினால் பூஞ்சை. மாட்டும்போது ஒரு முடி மடிந்தாலும் அந்த மடிப்பு நிரந்தரம். நுனியை வாயில் வைத்துக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. காட்மியம், கோபால்ட் வண்ணங்கள் இருக்கும் மேசையில் அது வேண்டாம்.

இயற்கை முடிப் பிரஷ்களை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டபின் மூடிய டப்பாவில் வையுங்கள். திறந்து கிடந்தால் பூச்சி முடியைத் தின்னும். கெட்டுப்போன பிரஷையும் எறிய வேண்டாம், வண்ணம் கரைக்க, காய்ந்த நிறத்தைத் தேய்த்தெடுக்க அதுதான் ஆள்.

வண்ணம்

டியூப்பின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முன்பக்கப் பெயரை நம்பாமல் இதைப் பாருங்கள். பிபி என்றால் நீல நிறமி, பிஒய் மஞ்சள், பிஆர் சிவப்பு, பிவி ஊதா, பிபிஆர் பழுப்பு. ஒரே ஒரு குறியீடு இருந்தால் ஒற்றை நிறமி. மூன்று குறியீடு இருந்தால் கலவை, அதை இன்னொன்றோடு கலக்கும்போது சீக்கிரம் சேறாகும். பெயரோடு "ஹியூ" என்று ஒட்டியிருந்தால் அசல் நிறமிக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது எப்போதும் மோசம் என்றில்லை, தெரிந்து வாங்கினால் சரி.

நான்கு டியூப், ஒவ்வொன்றும் 5 மில்லி: அல்ட்ராமரின் நீலம் (பிபி29), பர்ன்ட் சியன்னா (பிபிஆர்7 அல்லது பிஆர்101), குயினாக்ரிடோன் ரோஸ் (பிவி19), எலுமிச்சைச் சாயல் மஞ்சள் (பிஒய்154). அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் மழைமேகச் சாம்பல் முதல் ஏறக்குறையக் கறுப்பு வரை கிடைக்கும், தனியாகக் கறுப்பு வாங்க வேண்டாம். மஞ்சளில் அல்ட்ராமரின் கலந்து ஒரு துளி பர்ன்ட் சியன்னா தொட்டால் நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் அடங்கிய பச்சை வரும். டியூப்பிலிருந்து நேரே பிதுக்கிய பச்சை எந்த மரத்திலும் இருப்பதில்லை.

அல்ட்ராமரின் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்தது. 1820களில் பிரான்ஸில் செயற்கையாகச் செய்யும் வழி பிறந்தபின் விலை விழுந்தது. அம்மாமார்கள் வெள்ளை வேட்டிக்குப் போட்ட ரெக்கிட்ஸ் நீலக்கட்டியில் இருந்ததும் இதே நிறமிதான். அதன் துகள் பெரிது. தாளின் குழிகளில் மணல்மணலாகப் படியும், பிசிறு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். தாலோ நீலம் இதற்கு நேர் எதிர்: துகள் நுண்ணியது, தாளைக் கறையாகப் பிடிக்கும், எடுக்கவே வராது. அதை ஐந்தாவதாக, ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.

அலிசரின் கிரிம்சன் (பிஆர்83) வெயிலில் வெளுக்கும். ஒளிரும் ஆப்பரா இளஞ்சிவப்பு அதைவிட வேகமாக வெளுக்கும். சட்டம் போட்டு மாட்டப்போகும் படத்தில் இரண்டும் வேண்டாம்.

சிங்கப்பூரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தேன். வேலம்பிசினோடு சில நிறுவனங்கள் தேனும் சேர்க்கின்றன. வறண்ட நாட்டில் வண்ணம் இறுகாமலிருக்க அது உதவும். இங்கே அதே வண்ணம் பேலட்டில், அதாவது வண்ணத்தட்டில், காயவே காயாது. பையில் சாய்ந்தால் வழியும், மூடி திறந்திருந்தால் எறும்பு வரும். புதியவர்கள் தேன் குறைந்ததாகக் கேட்டு வாங்குவது உத்தமம்.

டியூப்பிலிருந்து சிறு கிண்ணிகளை நிரப்பும்போது ஒரே தடவையில் ததும்ப நிரப்பாதீர்கள். அரைக்கிண்ணி (ஹாஃப் பேன்) எனப்படும் சிறிய கிண்ணி ஒன்றில் ஏறக்குறைய 2 மில்லி பிடிக்கும். முதலில் பாதி, பல்குத்தும் குச்சியால் கிளறிக் காற்றுக்குமிழியை விரட்டி, குளிரூட்டிய அறையில் இரண்டு மூன்று நாள் திறந்து காயவிட்டு, பிறகு மீதி. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது மூடினால் ஒரு வாரத்தில் சாம்பல்நிறப் பூஞ்சை. பூஞ்சை மேலோட்டமாக இருந்தால் ஈர டிஷ்யூவால் ஓர் அடுக்கு துடைத்தெடுத்துக் காயவையுங்கள். அடி வரை போயிருந்தால் எறியுங்கள். வரைந்து முடித்த நாளிலும் பேலட்டை உடனே மூடக் கூடாது, இரவு முழுக்கத் திறந்திருக்கட்டும்.

வண்ணத்தை உலோக டியூப்பில் அடைக்கும் யோசனை ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியருடையது, காப்புரிமை 1841. அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். இப்படிப்பட்ட அருமையான பொருளை அநேகர் இடுக்கியால் திருகிக் கிழிக்கிறார்கள். மூடி ஒட்டிக்கொண்டால் மூடிப்பகுதியை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் பிடியுங்கள், பிசின் இளகித் திறந்துவிடும். ஒட்டாமலிருக்க, மூடுமுன் கழுத்து மரையைத் துடைத்தால் போதும்.

மற்றவை

கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு. சாப்பிட்ட பழைய தட்டு எடுக்கலாம், ஆனால் அது மறுபடி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பக் கூடாது. புது பிளாஸ்டிக் பேலட்டில் வண்ணம் முத்துமுத்தாகத் திரளும். பற்பசை வைத்துத் தேய்த்தால் படியும். தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாகத் தொட்டுக்கொள்ள. தயிர் டப்பா தோதாக இருக்கும். 2பி பென்சில், பிசையும் அழிப்பான், டிஷ்யூ, சிறு ஸ்பிரே பாட்டில், தாளைப் பொருத்த 30 × 40 செ.மீ. பிளாஸ்டிக் பலகை, நான்கு கிளிப்.

மாஸ்கிங் டேப் ஒட்டினால் அன்றே உரித்துவிடுங்கள். இரண்டு நாள் வெக்கையில் கிடந்தால் பசை தாளில் இறங்கும், உரிக்கும்போது தோலும் வரும். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கும் மாஸ்கிங் திரவமும் அப்படியே. அதில் பெரும்பாலும் இருப்பது ரப்பர் பால். 1877இல் ரப்பர்ச் செடி வந்திறங்கிய தாவரவியல் பூங்கா உள்ள ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. நல்ல பிரஷை அதில் விட்டால் அன்றோடு சரி; சோப்பில் தோய்த்த பழைய பிரஷைப் பயன்படுத்துங்கள். ஹேர் டிரையர் காட்டினால் ரப்பர் தாளோடு வெந்து ஒட்டும்.

முதல் பயிற்சி: ஒரே சீரான வாஷ்

28 × 19 துண்டைப் பலகையில் பொருத்துங்கள். பலகையின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்து லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டித் தண்ணீரில் பட்டாணி அளவு அல்ட்ராமரினைக் கட்டியில்லாமல் கரையுங்கள். தேவையைவிட அதிகமாகவே கரைக்க வேண்டும், பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் ஒத்துப்போகாது.

தட்டைப் பிரஷை நிறைய நனைத்து மேலே இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. பட்டையின் கீழ் விளிம்பில் ஒரு நீர்த்திவலை நீளமாகத் தேங்கி நிற்கும். பிரஷை மறுபடி நனைத்து, அந்தத் திவலையைத் தொட்டபடி அடுத்த இழுப்பு. திவலை நிற்கும்வரை கோடு விழாது. அது வறண்டால் பட்டைக்குப் பட்டை கோடு தெரியும். கடைசியில் அடியில் தேங்குவதை, பிழிந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள். எடுக்காவிட்டால் அந்த நீர் காய்ந்துகொண்டிருக்கும் பகுதிக்குள் திரும்ப ஏறி, காலிஃபிளவர் பூப்போல விளிம்பு கட்டும்.

அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கண்ணைத் தாளின் மட்டத்துக்கு இறக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முதலில் கண்ணாடிபோல் மினுங்கும். பிறகு தாளின் சொரசொரப்பு மினுக்கத்துக்குள் தெரியத் தொடங்கும். அடுத்தது பட்டுத்துணி மினுக்கம். கடைசியில் மங்கல். மினுங்கும்போது இன்னொரு நிறம் சேர்த்தால் தாராளமாகப் பரவும். பட்டு மினுக்கத்தில் கெட்டியான வண்ணம் மட்டுமே தொடலாம், நீர்த்த வண்ணம் தொட்டால் காலிஃபிளவர் நிச்சயம். மங்கலானபின் தொடவே கூடாது, அது காய்ந்ததுபோல் நடிக்கிறது. புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அறையின் சூட்டுக்கு வந்தபின் இரண்டாம் அடுக்கு. நம் ஊரில் மங்கலாவதற்கும் முழுக்கக் காய்வதற்கும் இடைப்பட்ட நேரம்தான் ஏமாற்றும். புதியவர் படங்களில் பாதி அங்கேதான் கெடுகின்றன. அவசரமென்றால் ஹேர் டிரையரை ஒரு முழ தூரத்தில், மினுக்கம் போனபிறகு மட்டும் காட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது காட்டினால் காற்று வண்ணத்தைத் தள்ளிக் குவிக்கும்.

இந்த ஒரு வாஷை எட்டுத் துண்டிலும் போடுங்கள், நான்கு குளிரூட்டிய அறையில், நான்கு புளோக் கீழ்த்தளத்தில். காயும் நேரத்தைப் பின்பக்கம் எழுதிவையுங்கள்.

வெளியே போகும்போது

லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா வீடு வண்ணம் பழகுகிறவர்களை இழுக்கும். அதன் ஜன்னல் பலகைகளில் அத்தனை நிறம். முதல் முறை அங்கே போகாதீர்கள். எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பீர்கள். கேம்பல் லேன் கடைவீட்டின் ஒரே ஒரு ஜன்னலும் அதன் நிழலும் போதும். நிழலில் உட்காருங்கள், வெயிலில் வெள்ளைத்தாள் கண்ணைக் கூசவைத்து எல்லா நிறத்தையும் வெளிறப் போட வைக்கும். ஐந்தடி நடைபாதையை மறிக்காமல் தூணோரம் ஒதுங்குங்கள். அழுக்குத் தண்ணீரைச் சாலையோர வடிகாலில் கொட்டக் கூடாது. அந்த மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, நாம் குடிப்பதும் அதைத்தான். மூடியுள்ள பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

இந்த ஊர்க் காற்றில் இதையெல்லாம் கைவசப்படுத்தியவர்கள் உண்டு. லிம் செங் ஹோ (1912–1979) பொதுப் பயனீட்டுக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் ஆற்றை வாட்டர்கலரில் தீட்டியவர். 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்ற ஓங் கிம் செங் பள்ளியில் பயிலாமல் தானே கற்றவர். அசல் ஓவியம் மாட்டியிருக்கும் இடத்துக்குப் போனால் நிறத்தைவிட, வண்ணமே படாமல் விட்ட வெள்ளைத்தாள் எங்கெல்லாம் என்று தேடிப் பாருங்கள்.

முடித்த படங்களை

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அமிலமில்லாத தாள் இடையில் வைத்து அடுக்குங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தை நேரே தொடக் கூடாது, இடையே மவுண்ட் அட்டை வேண்டும்; ஒட்டியிருந்தால் ஈரம் அங்கே தங்கிப் பழுப்புப் புள்ளி விழும். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களைச் சுமார் 50 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் வைக்கின்றன. வீட்டில் அவ்வளவு முடியாவிட்டாலும் பால்கனி வெயில் விழும் சுவரையும் குளியலறைச் சுவரையும் விட்டுவிடுங்கள்.

பையிலுள்ள சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை பாருங்கள். ஆரஞ்சு மணி பச்சையானால் நிரம்பிவிட்டது. பொட்டலத்திலிருந்து கொட்டித் தட்டில் பரப்பி, 110 முதல் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல மணி வாங்க வேண்டாம், அதில் இருப்பது நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு.